டாக்டர் வரும் நாளில் விடுமுறை

பிள்ளைகளை உயிராக நேசிப்பவர்களில் ஓர் இனம் உண்டு. அதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. ‘எல்லாம் நலம் ஆசாமி’ என்று நாமே வைத்துக்கொள்வோம். இவரை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்துக் கூரையில் ஓட்டை இருக்கிறதே என்றால் “காத்தோட்டமா இருக்கட்டும்னுதான்” என்பார். பிள்ளைகள் இப்படி மெலிந்திருக்கிறார்களே என்றால் “சுறுசுறுப்பான பசங்க” என்பார். பொய் சொல்கிறாரா? சேச்சே. ஒரு குறையை ஒப்புக்கொண்டால் அது அந்தப் பிள்ளைகளுக்கே அவமானம் என்று மனப்பூர்வமாக நம்புகிறார். அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசியில், குன்னத்துக்குக் கிழக்கே ஒரு கரிசல் காட்டு ஊரில், இந்த இனத்தைச் சேர்ந்த ஒருவர் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்தார். பெயர் அமிர்தலிங்கம். ஐந்து வகுப்பு, எழுபத்து நான்கு பிள்ளைகள், அவரையும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். பிள்ளைகளின் பாதுகாப்பில் அவருக்கு இருந்த அக்கறையைச் சொல்லி முடியாது. வேப்பமரத்தில் ஊரார் கட்டிக் கொடுத்த ஊஞ்சலை, யாராவது விழுந்து கையை ஒடித்துக்கொள்வதற்கு முன்பே, எட்டாத உயரத்தில் கிளையோடு சேர்த்துச் சுருட்டிக் கட்டிவிட்டார். அதிலிருந்து ஒரு பிள்ளைகூட விழுந்ததில்லை.

படிப்பிலும் அப்படித்தான். ஆய்வாளர் வந்தால் மூன்றாம் வகுப்பார் தமிழ்ப் புத்தகத்தில் பதினேழாம் பக்கத்தைக் கணீரென்று வாசிப்பார்கள். ஆடி மாதத்திலிருந்து அந்த ஒரு பக்கத்தையே விரித்து விரித்து முதுகு ஒடிந்துபோன புத்தகம், எவர் கையில் கொடுத்தாலும் தானாகவே அங்கேதான் திறக்கும். பதினெட்டாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவரும் கேட்டதில்லை, ஆய்வாளரும் கேட்டதில்லை.

ஆனால் அமிர்தலிங்கத்தின் மேதைமை முழுதும் வெளிப்பட்டது டாக்டர் விஷயத்தில்தான்.

வருடத்துக்கு ஒருமுறை, கார்த்திகை மாதத்தில், அரசாங்க டாக்டர் ஜீப்பில் வந்து பிள்ளைகளைப் பரிசோதிப்பார். அதற்கு முந்தின நாள் மாலை, கடைசி மணியில், தலைமையாசிரியர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, காதைத் திருப்பி, கண்ணை விரித்து, விரலிடுக்கைப் பிரித்து, மூக்கு ஒழுகுகிறதா, நெஞ்சு கரகரக்கிறதா, சொறி இருக்கிறதா என்று தாயினும் பரிவாகப் பார்ப்பார். பார்த்து, நோய் உள்ள பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்து ஒரு வார்த்தை சொல்வார்.

“ஒனக்கு நாளைக்கு லீவு.”

புரிகிறதா? நோயாளிகளுக்கு விடுமுறை, ஆரோக்கியமானவர்களுக்கு டாக்டர். நான்கு வருடமாக அந்தப் பள்ளியில் நோய் என்பதே இல்லை. நூற்றுக்கு நூறு.

“எனக்கும் இருமுது சார்!” என்று நல்ல பிள்ளைகளெல்லாம் பொய்யாக இருமிக் காட்டுவார்கள். அவர் ஏமாற மாட்டார். வைத்தியம் படித்தவர்கூட அவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடிக்க முடியாது.

அந்த வருடம் புதிதாக வந்திருந்த மலர்க்கொடி டீச்சருக்கு இது விளங்கவில்லை.

“சார், டாக்டர் வர்றதே இதுங்களப் பாக்கத்தானே?”

“டீச்சர், பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு வாசல்ல அழுக்குத் துணியக் காயப் போடுவாங்களா?”

“மாப்ள வூட்டுக்காரங்க மருந்துப் பெட்டி எடுத்துட்டு வர மாட்டாங்களே சார்.”

“சின்ன வயசு, ஒங்களுக்குப் போகப் போகத் தெரியும்” என்றார் அமிர்தலிங்கம், துளியும் கோபப்படாமல்.

வரிசையில் அடுத்து நின்றவள் அம்சவள்ளி. மூன்றாம் வகுப்பு, எட்டு வயது. அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் கை ஒரு கணம் நின்றது. காரணம் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் அவளுடைய அம்மா பொன்னுத்தாய், களை வெட்டிய கையோடு வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றாள்.

“பொழுது சாஞ்சா புள்ளைக்குக் கண்ணு தெரிய மாட்டேங்குது சார். வெளக்கு வச்சா சோத்துத் தட்டத் தடவித் தேடுது. நேத்து மாட்டுத் தொட்டியில முட்டிக்கிட்டு வந்து நிக்குது. எனக்கு ஒண்ணும் புரியல சார்.”

அமிர்தலிங்கம் உருகிப்போனார். கண்ணில் நீர் முட்டியது. நடிப்பல்ல, இந்த இனத்துக்கு இளகிய மனசு. “கார்த்திகையில டாக்டர் வராரு பொன்னுத்தாயி. மொத ஆளா ஒம் பொண்ணத்தான் நிறுத்துவேன். நீ போ” என்றார். ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பெரம்பலூருக்கு பஸ் ஏற இருந்தவள், அந்த வாக்கை நம்பித் திரும்பிப் போனாள்.

இப்போது அந்தக் கண்ணை விரித்துப் பார்த்தார். வெள்ளை விழியில் சோப்பு நுரை காய்ந்தாற்போல ஒரு திட்டு. மற்ற நோய் என்றால்கூட ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். இது கண். ஒன்றே ஒன்று போதும், நூறு தொண்ணூற்றொன்பதாகிவிடும். பள்ளியின் மானம் என்ன ஆவது? அடுத்த கார்த்திகை எங்கே போய்விடப் போகிறது?

கொடுத்த வாக்கை அவர் மீறவில்லை. அவளைத்தான் முதல் ஆளாக வீட்டுக்கு அனுப்பினார்.

மறுநாள், விடுமுறை பெற்ற பதின்மூன்று பேரும் வீட்டில் படுத்திருப்பார்கள் என்பது அவர் கணக்கு. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளோடு கழித்தவர், பிள்ளைகள் எப்படிப்பட்டவர்கள் என்பதை மட்டும் கவனிக்கத் தவறிவிட்டார். முதல் நாள் பெய்த மழையில் கரிசல் மண் பிசினாகிக் கிடந்தது. ஏரிக்கரைத் திருப்பத்தில் டாக்டர் முருகையனின் ஜீப் அச்சு வரை புதைந்துபோனது. பட்டப்பகலில் ஊருக்குள் ஒரு ஜீப் சிக்கிக்கொண்டால், விடுமுறையில் இருக்கும் பிள்ளைகள் வீட்டிலா இருப்பார்கள்? பன்னிரண்டு பேர் தள்ளினார்கள். டாக்டரும் கூடச் சேர்ந்து தள்ளினார். அரைமணி நேரம், மூக்கொழுகலும் இருமலும் சொறிக் கைகளும் அவர் தோளோடு தோள் உரச நின்றன.

பதினோரு மணிக்கு ஜீப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது, பின்னால் தொங்கிக்கொண்டு பன்னிரண்டு பேரும் வந்து இறங்கினார்கள்.

“இந்தப் பசங்க இல்லன்னா நான் இன்னும் சேத்துலதான் நின்னிருப்பேன்” என்றார் முழங்கால் வரை மண்ணாக நின்ற டாக்டர். “இதுங்க எந்த ஸ்கூலு சார்?”

“இதுங்களா? பள்ளிக்கூடமே வராத புள்ளைங்க சார்” என்றார் அமிர்தலிங்கம், இமைக்காமல்.

மலர்க்கொடி வருகைப் பதிவேட்டை எடுத்து விரித்தாள்.

“அரியமுத்து!”

“உள்ளேன் டீச்சர்!” என்றது ஓர் இருமல்.

“செங்கமலம்!”

“உள்ளேன் டீச்சர்!”

பன்னிரண்டு பெயர், பன்னிரண்டு குரல். அமிர்தலிங்கம் வேப்பமரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்சவள்ளி!”

பதில் இல்லை.

“அது அவங்க அம்மாகூட பருத்திக் காட்டுக்குப் போயிருச்சு டீச்சர்” என்றான் அரியமுத்து. “லீவுல்ல?”

அம்சவள்ளிக்கு என்ன என்று டாக்டர் கேட்டார். பொன்னுத்தாய் அன்று வாசலில் நின்று சொன்னதைக் கேட்டிருந்த மலர்க்கொடி சொன்னாள். எத்தனை நாளாக என்று கேட்டார். அதையும் சொன்னாள். டாக்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

“நான் ஒரு மணிக்குக் கெளம்பணும். இனிமே இந்தப் பக்கம் அடுத்த கார்த்திகைதான். அந்தக் கண்ணு அதுவரைக்கும் தாங்காது. யாராச்சும் உடனே போங்க.”

யார் போனது என்கிறீர்கள்? பள்ளியில் சைக்கிள் வைத்திருந்தவர் ஒருவர்தான்.

கால் மைல்கூடத் தாண்டவில்லை, மண் அப்பிச் சக்கரம் நின்றுவிட்டது. சைக்கிளைப் பனைமரத்தில் சாத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். பருத்திக் காட்டில் பொன்னுத்தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன சார் இம்மாந்தூரம்?”

“டாக்டர் வந்துட்டாரு. புள்ளைய அனுப்பு.”

“இன்னிக்கா? லீவுன்னு சொன்னீங்களாமே?”

“லீவு... கேன்சல் ஆயிருச்சு.”

பொன்னுத்தாய் களைவெட்டியைக் கீழே போட்டாள். அவளுக்கு எல்லாம் விளங்க ஐந்து நொடி ஆயிற்று.

“கண்ணு தெரியாதது எம் பொண்ணுக்குத்தான்னு நெனச்சேன் சார்.”

நேரம் குறைவு, மண் ஒட்டும், பிள்ளையின் நடை போதாது. தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். பொன்னுத்தாய் முன்னே ஓடினாள்.

“டாக்டரு ஊசி போடுவாரா சார்?” என்றாள் தோளிலிருந்த அம்சவள்ளி.

“மாட்டாரு.”

“அப்பறம் ஏன் சார் நீங்க அழுவுறீங்க?”

வேர்வை என்றார். அந்தக் கண்ணீர் பிள்ளைக்காகவா, போன நூறுக்காகவா? நியாயமாகச் சொன்னால் ஆளுக்குப் பாதி.

டாக்டர் கண்ணை விரித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு வைட்டமின் எண்ணெயைக் கரண்டியில் ஊற்றிக் குடிக்க வைத்து, மறுநாளைக்கும் அடுத்த தவணைக்கும் மலர்க்கொடியிடம் பாட்டிலைக் கொடுத்தார். “கருவிழி இன்னும் கெடல. பொங்கல் வரைக்கும் வுட்டிருந்தா நான் வந்தும் பிரயோசனம் இல்ல. முருங்கைக்கீரை தினம் போடும்மா” என்றார். பொன்னுத்தாய் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

படிவத்தை எழுதப் பேனாவைத் திறந்த டாக்டர் தயங்கினார். அவர் வட்டாரத்திலும் நான்கு வருடமாக மாலைக்கண் கிடையாது. அதற்காக மேலதிகாரி அவரைப் பாராட்டியிருந்தார்.

“கண் எரிச்சல்னு போட்டுருவமா?” என்றார் மெதுவாக.

அமிர்தலிங்கத்தின் முகம் மலர்ந்தது. நம் ஆள்!

“என்னா எழுதுறாருன்னு படிச்சுக் காட்டுங்க டீச்சர்” என்றாள் பொன்னுத்தாய், தரையில் இருந்தபடியே. “எனக்குத்தான் எழுத்து தெரியாது. கண்ணு நல்லாத் தெரியும்.”

டாக்டர் மலர்க்கொடியைப் பார்த்தார், பொன்னுத்தாயைப் பார்த்தார். மாலைக்கண் – 1 என்று எழுதினார். அதற்குக் கீழே சொறி, இருமல், காது என்று மற்ற பன்னிரண்டையும் எழுதினார். தலைமையாசிரியர், பெற்ற மகளை மயானத்துக்கு அனுப்புகிறவர் போல, உதடு துடிக்கக் கையெழுத்திட்டார்.

பதினைந்தாம் நாள், பொழுது சாய்ந்த பிறகும் தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்த அம்சவள்ளி, செங்கமலம் கோட்டை மிதித்ததைக் கண்டுபிடித்துப் பெரிய சண்டை போட்டாள்.

அமிர்தலிங்கம் திருந்தினாரா? திருந்தினார். அடுத்த கார்த்திகையில் விடுமுறை மூன்று பேருக்குத்தான். அதுவும் வெறும் பேன்.

சிரிக்கிறீர்கள். நீங்கள் தலைமையாசிரியர் இல்லை, உங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஒப்புக்கொள்கிறேன். நேற்று ஊருக்கு ஓர் இன்லண்ட் கடிதம் எழுதினீர்களே, ‘இங்கு குழந்தைகள் உட்பட அனைவரும் நலம்’ என்று முதல் வரியில்? எழுதிக்கொண்டிருந்தபோது உள்ளே இருமியது யார்?