அழாத ரதி

காதலர்கள் பஸ்ஸில் சண்டை பிடிக்கக் கூடாது. பிடித்தே ஆகவேண்டும் என்றால் நேரான பாதையில் ஓடும் பஸ்ஸாகப் பார்த்து ஏறவேண்டும். பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் பாதை அதற்குச் சற்றும் உகந்ததல்ல. வளைவுக்கு வளைவு குடல் வாய்க்கு வரும். அப்படியொரு வளைவில், எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்த வேளையில்தான், என் வாழ்க்கையின் மிகப் பெரிய செய்தி எனக்குச் சொல்லப்பட்டது. அதற்கு நான் சொன்ன பதிலையும் அடுத்த நாள் ஊர் கூடி நிற்க நான் செய்த காரியத்தையும் நினைத்தால், இன்றும் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். யுத்தம் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரம். பதுளை டவுனில் ஒரு தையல் கடைக்கு மேலே எங்கள் வீதி நாடகக் குழுவுக்கு ஓர் அறை இருந்தது. குழுவை நடத்தியவர் ரொசலின் அக்கா. அவரும் மாலனி என்ற சிங்கள டீச்சரும் ஒரே வீட்டில் வருடக்கணக்காகக் குடித்தனம் நடத்தினார்கள். (“பாவம், ரெண்டு பேருக்கும் கல்யாணம் சரிவரல்ல” என்று அக்கம்பக்கத்தில் இரக்கப்படுவார்கள். இருவரும் அந்த இரக்கத்தை மறுக்கமாட்டார்கள். அதனுடன் சேர்ந்து வரும் பலாப்பழத்தையும் மறுக்கமாட்டார்கள்.) நானும் அருளும் அதே குழுவில் காதலர்கள். எங்களைப் போன்றவர்களைக் குறிப்பிட இப்போது தமிழில் மரியாதையான சொற்கள் வந்துவிட்டன. அப்போது இருந்தவை எல்லாம் எறிவதற்கென்றே செய்த சொற்கள். நாங்கள் அவற்றைப் பொறுக்கியெடுத்து நாடகத்துக்கு வசனமாக்கிக்கொண்டோம்.

அருள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவனுடைய அப்பா அரசாங்க வேலையாகப் பதுளைக்கு வந்து தங்கிவிட்டவர். நான் பெரகலச் சந்தியில் சில்லறைக்கடை வைத்திருந்தவரின் மகன், பதுளையில் கணக்கு டியூஷன் வாத்தியார். அவனுக்கு உயரமும் குரலும் இருந்ததால் நாடகத்தில் எப்போதும் அவன் கணவன். எனக்கு இரண்டும் இல்லாததால் நான் மனைவி. வெளியேயும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான், கோபம் மட்டும் எனக்குக் கொஞ்சம் கூட.

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கும் பாக்கியம் அக்காவுக்கு நாங்கள் கடன்பட்டிருந்தோம். முந்தின வருடம் எங்களைப் பற்றி யாரோ எதையோ சொல்லிக்கொடுக்க, கட்டடச் சொந்தக்காரர் அறையைப் பூட்டிவிட்டார். சம்பளக் கூட்டத்துக்காக டவுனுக்கு வந்திருந்த பாக்கியம் அக்கா, கேள்விப்பட்டதும் தன்னோடு வந்த பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து தையல் கடைப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். சாவி வரும்வரை யாரும் எழும்பவில்லை. “இந்தப் புள்ளைங்க நமக்காக வெயில்ல கத்துதுங்க. இதுங்க கத்துறதுக்கு ஒரு கூரை வேணாமா?” என்று கேட்டாராம்.

அதனால், அவர்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவின் கூரை இடிந்து விழுந்து, கைக்குழந்தைகளை விட்டுவிட்டு மலைக்குப் போக இடமில்லாமல் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நாங்கள் போவதா வேண்டாமா என்ற பேச்சே எழவில்லை. “நமக்குப் புள்ள குட்டி இல்லைங்கிறதுக்காக, அவங்க புள்ளைங்க மழையில நனையட்டும்னு விட முடியுமா?” என்றார் ரொசலின் அக்கா.

அது மாசி மாதம், காமன் கூத்துக் காலம். சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுவான். ரதி தடுப்பாள். கேட்காமல் போய் நெற்றிக்கண்ணில் எரிவான். ரதி புரண்டு அழுவாள். மூன்றாம் நாள் அவளுக்காக அவன் உயிரோடு எழும்புவான். அந்த வருடம் கூத்தைப் பகலிலேயே, ஆபீஸுக்கு முன்னால், துரை ஜன்னலைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற மாதிரி காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆடுவதென்று பெண்கள் முடிவு செய்திருந்தார்கள். வழக்கமாக ரதி வேசம் கட்டுகிறவர் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டார், மன்மதனும் கூடவே போய்விட்டார். (அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.) “நம்ம ஜோடிய அனுப்பி வையுங்க” என்று பாக்கியம் அக்கா சொல்லியனுப்பினார்.

இனி அந்த வளைவுக்கு வருகிறேன்.

“குமார், அண்ணா லண்டனுக்குக் கூப்பிடுறார். விசா வந்திட்டுது” என்றான் அருள்.

நான் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தேன். “எப்ப?”

“வாற மாதம். உனக்குச் சொல்லவேணும் எண்டுதான் இருந்தனான்.”

“சொல்லிட்டில்ல. போ.”

“போ எண்டா?”

“போன்னா போறதுதான். அதுக்கு வேற அர்த்தம் இருக்கா?”

அவன் என் பக்கம் சாய்ந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “நீ ஒரு சொல்லு சொன்னாப் போதும். நான் நிண்டிடுவன்.”

அந்த ஒரு சொல் என்னிடம் இருந்தது. தொண்டைவரை வந்தும் விட்டது. ஆனால் அதே வளைவில் காலைச் சாப்பாடும் தொண்டைவரை வந்துவிட்டதால், இரண்டில் எதைத் திறந்துவிட்டாலும் ஆபத்து என்று வாயை இறுக மூடிக்கொண்டேன். இப்படித்தான் பல வருடங்களாக எல்லோரிடமும் சொல்லிச் சமாளித்து வருகிறேன். உண்மை அதுவல்ல. இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் விசா வரைக்கும் போனவனைக் கெஞ்சி நிறுத்துவதா என்ற வீம்பு. “ஒன் இஷ்டம்” என்றேன், அவ்வளவுதான்.

தோட்டத்தில், பாக்கியம் அக்கா குடியிருந்த லயத்து வரிசை வீட்டில், எங்களுக்குப் பெருத்த உபசாரம். மீசையை எடுக்கச் சொன்னார்கள். மடுல்சீமைக் குளிர்நீரில் சவரம் செய்தால் முகம் முகமாக இருக்காது. இரண்டு வெட்டுக்காயத்தோடு வந்த ரதிக்குப் பாக்கியம் அக்கா தன் மகளுடைய கல்யாணச் சேலையைக் கட்டிவிட்டார். “காமன் முடியிற வரைக்கும் ரதியும் மன்மதனும் சண்ட போடக்கூடாதுங்க. ரதி மனசாரக் கண்ணீர் விட்டாத்தான் மழ வரும்” என்றும் சொல்லி வைத்தார். அந்தத் தோட்டத்தில் அப்படியொரு நம்பிக்கை. நானும் அருளும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் தலையாட்டினோம்.

தப்பு முழங்கியது. பெரட்டுக் களம் நிறையச் சனம். முன்வரிசையில் மடியில் பிள்ளைகளோடு தாய்மார். சிவனாக வாச்சர் செல்லையா அண்ணன், ஒரு பலகைமேல், நிஜமாகவே தூங்கிவிடுவாரோ என்று பயப்படும்படி தவம் இருந்தார். கரும்பு வில்லோடு வந்த அருள் என் முன்னால் நின்றான். இந்த இடத்தில் மன்மதன் விடை கேட்டுப் பாடவேண்டும். ரதி “போகவேண்டாம் நாதா” என்று காலைப் பிடிக்கவேண்டும்.

அவன் பாடவில்லை. என் கண்ணைப் பார்த்து, தன் சொந்தக் குரலில், “நான் போகட்டோ?” என்று கேட்டான்.

கூத்தில் இல்லாத கேள்வி. எனக்கோ பதில் கையிலேயே இருந்தது, மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். ஊரே அதைத்தான் கேட்கக் காத்திருந்தது. பஸ்ஸில் விட்டதை வட்டியோடு பிடிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் எவனுக்குக் கிடைக்கும்?

“போங்க” என்றேன். “தாராளமாப் போங்க. ஒங்கள யாரு இங்க புடிச்சிக்கிட்டு இருக்கா?”

தப்பு நின்றது. “அடியே ரதி! புருசன சாவவா அனுப்புற?” என்று ஒரு குரல் வந்தது. களம் முழுக்கச் சிரிப்பு. அருள் சிரிக்கவில்லை. திரும்பி நடந்து போய், அம்பை விட்டான். செல்லையா அண்ணன் விழித்தார், குங்கிலியத் தூள் பந்தத்தில் பட்டுக் குபீரென்று எரிந்தது, மன்மதன் விழுந்தான். அவன்மேல் வெள்ளை வேட்டியைப் போர்த்தினார்கள்.

நான் அழவேண்டும். நின்றேன்.

“அழுங்க தம்பி” என்று பாக்கியம் அக்கா கிசுகிசுத்தார். நின்றேன். “அழுங்கன்னா!” என்றார், இந்தத் தடவை ஆபீஸுக்கே கேட்டிருக்கும். மலையிலிருந்து பனி இறங்கத் தொடங்கியது. எங்கோ ஒரு கைக்குழந்தை மட்டும் தன் சொந்தக் காரணத்துக்காக அழுதது. வேட்டிக்குள்ளிருந்து சன்னமாக ஒரு சத்தம்:

“டேய், அழடா. எனக்குக் குளிருது.”

“எரிஞ்சு சாம்பலானவனுக்கு என்ன குளிரு?” என்றேன் நான்.

முன்வரிசைக்கு அது நன்றாகவே கேட்டது. சிரிப்பு பின்வரிசைவரைக்கும் பரவ அதிக நேரம் எடுக்கவில்லை. வேட்டி நடுங்கியது. குளிரினாலா வேறு எதனாலா என்று நான் குனிந்து பார்க்கவில்லை.

இன்றைக்கு நினைத்தால் நெஞ்சு வலிப்பது அந்தச் சிரிப்புக்காக அல்ல. ஓர் ஆண் இன்னோர் ஆணுக்காக, பட்டப்பகலில், ஊர் நடுவே, மண்ணில் புரண்டு வாய்விட்டு அழலாம் என்று இந்த உலகத்தில் எனக்கு அனுமதி தந்த ஒரே இடம் அந்தப் பெரட்டுக் களம்தான். அழுதிருந்தால் யாரும் கல்லெறிந்திருக்கமாட்டார்கள், கூடவே அழுதிருப்பார்கள். எங்கள் குழு ஊர் ஊராகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய இதைத்தான். அது கையில் கிடைத்த நாளில் நான் வீம்பு பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் பாக்கியம் அக்கா எழுந்து வந்து, வேட்டியின் பக்கத்தில் சப்பணம் கட்டி உட்கார்ந்து, தானே ஒப்பாரியை எடுத்தார்:

“பொன்னு நெறத்தானே – நீ
புழுதியில கெடக்கையில
கண்ணு கலங்காம – ஒரு
கல்லு வந்து வாச்சிச்சே!”

(கல் நான்தான்.) மற்றப் பெண்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். முந்தானையால் முகத்தைப் பொத்தி அழுதவர்கள், இடையிடையே என்னை நிமிர்ந்து பார்த்து ஒரு முறை முறைத்துவிட்டு மறுபடி அழுதார்கள்.

வேசம் கலைக்கும்போது பாக்கியம் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஊட்டுச் சண்டைய ஊட்டோட வச்சிக்கணுங்க தம்பி. களத்துக்குக் கொண்டாந்தா ஊருக்கு ஆவாது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஊட்டுச் சண்டையா? என்னக்கா சொல்றீங்க?”

“ஏன், எங்களுக்குக் கண்ணு இல்லியா? நீங்க ரெண்டு பேரும் ஒரே துண்டுல தல தொவட்டுறத போன வருசமே பாத்தாச்சு. யாரு வேணாம்னா? நாளன்னிக்கு மன்மதன் எந்திரிப்பான். ரதி பக்கத்துல நிக்கணும். இருந்து, சமாதானமாயி, ஒன்னாப் போங்க.”

டியூஷன் இருக்கிறது என்று சொல்லி, அடுத்த நாள் முதல் பஸ்ஸில் ஓடிவந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் நடந்ததை ரொசலின் அக்காதான் சொன்னார். வேட்டிக்குள் படுத்திருந்த அருளை எழும்பச் சொல்லிப் பாடினார்களாம். எழும்பவில்லையாம். ரதி வந்தாயிற்றா என்று வேட்டிக்குள்ளிருந்து கேட்டானாம். பஸ் வரும் நேரம் தாண்டும்வரைக்கும் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார்கள். பிறகு பாக்கியம் அக்கா, கொழுந்து மலைக்குப் போகும் சேலையோடேயே ரதியாக நின்று அவனைக் கைபிடித்துத் தூக்கிவிட்டிருக்கிறார். அந்த நேரம் நான் பதுளையில், ஒரு வகுப்பு முழுக்கத் தெரியாக்கணியம் x-இன் பெறுமதியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

லண்டனுக்குப் போகுமுன் அவன் ஒருதரம் அறைக்கு வந்தான். அவன் சந்தியில் வருவதைக் கண்டதும் நான் கீழே தையல் கடைக்குள் புகுந்து, அளவு எடுக்கும் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். படி ஏறும் சத்தம் கேட்டது. நெடுநேரம் கழித்து இறங்கும் சத்தமும் கேட்டது. திரையை விலக்க ஒரு கை போதும். “என்ன மாஸ்டர், காற்சட்டை தைக்கப் போறீங்களா?” என்று தையல்காரர் கேட்டார். ஆமென்று சொல்லி, தேவையில்லாமல் ஒரு காற்சட்டை தைத்தேன். அது இடுப்பில் சேரவே இல்லை.

அந்த வருடம் மழை பொய்த்தது. சித்திரையிலும் வானம் அசையவில்லை. கொழுந்து காய்ந்தது. பழி யார்மேல் விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை. பாக்கியம் அக்கா மட்டும் எனக்காகப் பரிந்து பேசினாராம்: “விடுங்கடி. கூரை போடுற வரைக்கும் மழ வராம இருந்தது நம்ம புள்ளைங்களுக்கு நல்லதாப் போச்சு.” அந்தப் பெண்கள் விடாமல் நின்று பிள்ளைக்காம்பராவுக்குப் புதுத் தகரம் போட வைத்தார்கள். அந்த வெற்றியில் என் பங்களிப்பு வறட்சி.

ரொசலின் அக்கா வீட்டில் அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்துவிட்டது. யார் வாசற்படி இறங்கினாலும், பாண் வாங்கப் போனாலும், உள்ளேயிருப்பவர்கள் “போகவேண்டாம் நாதா!” என்று கத்தவேண்டும். தபால்காரருக்கும் விலக்கு இல்லை. மாலனி டீச்சர் அதைச் சிங்கள ராகத்தில் சொல்லும்போது கேட்கவேண்டும். அந்த வீட்டில் அதைச் சொல்லாத ஒரே ஆள் நான்.

ஏழெட்டு வருடம் கழித்து அருள் வந்தான். தலை நரைத்திருந்தது. அங்கே தன்னோடு வாழ்பவரின் படத்தைக் காட்டினான். நல்ல முகம், என்னைவிடப் பொறுமைசாலி போலத் தெரிந்தது. சோறு சாப்பிட்டோம், பழைய கதை பேசினோம், நான் உட்பட எல்லோரும் ரதியைப் பார்த்துச் சிரித்தோம். வேன் வந்தது. அவன் பையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினான். யாரும் வாய் திறக்கவில்லை. ரொசலின் அக்கா என்னைப் பார்த்தார், மாலனி டீச்சரும் பார்த்தார்.

“போகவேண்டாம் நாதா” என்றேன். கூத்து ராகத்திலேயே, ஓர் எழுத்துப் பிசகாமல்.

அருள் திரும்பிச் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “இப்பதானோடா பாடமாக்கினாய்?” என்றான். வேன் போய்விட்டது.

அன்று பின்னேரம் பாக்கியம் அக்காவிடமிருந்து கோல் வந்தது. தோட்டத்துக்கும் போன் வந்து கொஞ்ச காலமாகியிருந்தது. மழை பிந்தினால் “ரதியம்மா, கொஞ்சம் அழுங்க, கொழுந்து காயுது” என்று சொல்லிச் சிரிப்பதற்காகவே எடுப்பார். அன்றைக்கு அந்தப் பக்கம் ஒரே இரைச்சலாக இருந்தது.

“ரதியம்மா, இங்க நல்ல மழங்க. என்ன, அழுதீங்களா?”

“ஆமாங்கக்கா” என்றேன்.

அந்தப் பக்கம் தகரச் சட்டி ஒன்றை இழுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

“சரி, போதும், நிறுத்துங்க” என்றார். “லயம் ஒழுகுது.”