நூல் கட்டிப் பூத்த சரக்கொன்றை

மரத்துக்கு மரியாதை கொடுத்துவிட்டு மனிதனைச் சந்தி சிரிக்க வைப்பதில் சீசன்காரருக்கு ஈடான ஆள், அந்தக் காலத்துச் செங்கல்பட்டு ஜில்லா முழுவதும் சல்லடை போட்டுத் தேடியிருந்தாலும் கிடைத்திருக்க மாட்டார். இத்தனை வருஷம் கழித்தும் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். எழுதித் தீர்த்தாலாவது ஆறுகிறதா என்று பார்க்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் திருவள்ளூருக்கு வெளியே, திருத்தணி போகிற சாலையில் ஒரு அரசாங்கத் தாவரத் தோட்டம் இருந்தது. ஊர் ஜனங்கள் அதைச் சர்க்கார் தோட்டம் என்பார்கள். நான் அங்கே டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறவன். என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால், தகரப் பலகையில் மரங்களின் பெயர் எழுதி மாட்டும் வேலையையும் என்னிடமே கொடுத்திருந்தார்கள். இரண்டுமே யாரிடமும் அதிகம் பேச வேண்டாத வேலைகள். புது ஆளைக் கண்டால் எனக்கு நாக்கு புரளாது. எட்டாவது வரை படித்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதிக்கு வருஷத்தில் நாலு தடவை கேடு வரும். பருவத்துக்கு ஒன்றாக நாலு சீசன். ஒவ்வொரு சீசனிலும் ஒரு மாதம், தினமும் காலையில் பொதுமக்களைக் கூட்டிப்போய்த் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் அமர்த்தப்படுகிற ஆள்தான் சீசன்காரர். மற்ற மாதங்களில் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குவார். அவருடைய நிஜப் பெயர் ரிஜிஸ்தரில் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

பனைமரம் மாதிரி உயரம். கையில் எப்போதும் ஒரு மடக்கின குடை. கொட்டுகிற மழையிலும் அதைப் பிரிக்க மாட்டார். அவ்வளவு மரங்கள் நனைந்துகொண்டிருக்கும்போது நாம் மட்டும் குடை பிடிப்பது மரியாதை இல்லையாம். டிக்கெட் வாங்கி வந்தவர்களையும் பிடிக்க விடமாட்டார். தும்மிக்கொண்டே வெளியே வந்து அவர்கள் சண்டை பிடிப்பது யாரிடம்? ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் என்னிடம்.

சீசன்களுக்கான நோட்டீஸ் மதராஸில் அச்சாகி வரும். அதை எழுதியவர் சீமைப் புஸ்தகம் எதையாவது பார்த்து எழுதியிருக்க வேண்டும். ஐப்பசி மாதச் சுற்றுக்கு ‘இலையுதிர்காலக் காட்சி’ என்று போட்டிருக்கும். அப்போது திருவள்ளூரில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். சீசன்காரர் ஜனங்களை அந்தத் தண்ணீரில் நிறுத்தி, நோட்டீஸைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார்.

“இதுல எல உதிருதுன்னு போட்டுக்கீது. எங்கனா உதிருதா, நல்லா பாருங்க. இல்ல இல்ல? அப்ப யாரு பொய் சொல்றது, மரமா, நோட்டீசா?”

“நோட்டீசுதான்!” என்று ஜனங்கள் கத்துவார்கள். சூப்பரின்டெண்ட் தன் அறையில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பார்.

மரத்தை ‘அது’ என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. “இவுரு மகிழம். நம்ம எல்லாருக்கும் பெரியவரு. ஒரு சலாம் வெச்சுட்டுக் கிட்ட வாங்க” என்பார். ஒருமுறை பழவேற்காட்டிலிருந்து ஒரு வியாபாரி குடும்பத்தோடு வந்திருந்தார். சலாமெல்லாம் வைத்துவிட்டு, எல்லாரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

“அண்ணே, இது எதுக்கு ஆவும்? வாயுவுக்கா, காய்ச்சலுக்கா?”

சீசன்காரருக்கு இந்தக் கேள்வி ஆகவே ஆகாது. குடையை வியாபாரியின் மார்புக்கு நேராக நீட்டினார். “பாய், நீங்க எதுக்கு ஆவீங்க?”

நான் ஜன்னலிலிருந்து பார்த்துப் பதறினேன். அடி விழும் என்றே நினைத்தேன். பாய் திரும்பித் தன் வீட்டம்மாவைப் பார்த்தார். பிறகு, “எங்க ஊட்ல கேட்டுப் பாருங்க. ஒண்ணுத்துக்கும் ஆவ மாட்டேன்னுதான் சொல்லும்” என்றார். பின்னால் முக்காட்டுக்குள் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கவே நேரமாயிற்று. இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் அந்த மனிதர் தப்பித்துக்கொண்டார். மாட்டிக்கொண்டதெல்லாம் நான்தான்.

எப்படி என்று சொல்கிறேன். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம். ஆர்.கே.பேட்டையிலிருந்து பெண்ணின் அப்பாவும் சித்தப்பாவும் மாப்பிள்ளையைச் சத்தமில்லாமல் பார்த்துவிட்டுப் போகலாம் என்று டிக்கெட் வாங்கிக் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருக்கிறார்கள். எனக்கும் தெரியாது, சீசன்காரருக்கும் தெரியாது. அவர் கூட்டத்தை நேராக என் ஜன்னலுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

“இது தொட்டாச்சிணுங்கி. மூணு வருசமா இந்த ஜன்னலாண்டதான் வளருது. வெயிலு ஆவாது, ஜனம் ஆவாது. பேரக் கேட்டா சுருங்கிக்கும். நம்பலன்னா கேட்டுப் பாருங்க.”

“தம்பி பேரு இன்னாபா?” என்றது கூட்டம்.

நான் தலையைக் குனிந்து மேஜைக்குள் போய்விட்டேன்.

“பாத்தீங்களா? பயப்படாதீங்க, கொஞ்சம் நேரம் சும்மா உட்டா மறுபடி விரியும்.”

அவ்வளவு பேர் சிரித்தார்கள். மாமனார் ஆகப்போகிறவரும் அதில் ஒருவர் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அவர் சம்மதம் சொல்லிவிட்டார் என்பது வேறு விஷயம். அதற்காக நான் சீசன்காரரை மன்னிக்க வேண்டும் என்று சட்டமா?

இன்னொரு கதையையும் கேளுங்கள். யாரோ ஒருவர் எங்கள் இலுப்பை மரத்தில் பேனாக்கத்தியால் தன் பெயரைச் செதுக்கிவிட்டார். பெயரோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். ‘மளிகைக் கடை, புதுவாயல்’ என்று விலாசமும் செதுக்கியிருந்தார். மறுநாள் சீசன்காரர் இரண்டு பஸ் மாறிப் புதுவாயல் போனார். அந்த மளிகைக்காரர் வீட்டு வாசல் கதவில், அதே ஆழத்தில், ‘இலுப்பை, சர்க்கார் தோட்டம், திருவள்ளூர்’ என்று செதுக்கிவிட்டு வந்துவிட்டார்.

மளிகைக்காரர் சூப்பரின்டெண்டிடம் வந்து குதித்தார். “தேக்குக் கதவு சார்! எங்க நைனா காலத்துக் கதவு!”

“கதவு போனா தச்சன் வேற செஞ்சு குடுப்பான்” என்றார் சீசன்காரர். “எனக்கு எந்தத் தச்சன் இலுப்ப மரம் செஞ்சு குடுப்பான்? கூட்டிக்கினு வா, நான் கால்ல உய்றேன்.”

இதற்கு என்ன தண்டனை தெரியுமா? எனக்குத்தான் தண்டனை. பெயிண்ட் டப்பாவோடு புதுவாயல் போய்க் கதவைச் சரிசெய்துவிட்டு வரச்சொன்னார்கள். ஒரு பகல் முழுவதும் நான் செதுக்கின எழுத்துகளை மக்கு வைத்து அடைத்துப் பெயிண்ட் பூசிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுப் பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து என்னைத் திட்டினார்கள். செதுக்கினவன் நான் இல்லை என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வருஷம், சீசன்காரரின் வேலையை நிரந்தரமாக்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது. சித்திரைச் சீசனில் நடுவே வருகிற சரக்கொன்றை வாரத்துக்கு மதராஸிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். அவர் பார்த்துத் திருப்தியானால் உத்தரவு வந்துவிடும். சீசன்காரர் கால் தரையில் பாவவில்லை. தினமும் ஜன்னலில் வந்து நின்று, “டிக்கெட்டு, அய்யா வர்றது நிச்சயம்தானே?” என்பார். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

சம்பளத்துக்காகத்தான் இவ்வளவு ஆசை என்று நினைத்தேன். ஒருநாள் அவரே சொன்னார்: “பூ பூக்கும்போது இட்டாரானுங்கோ. காய் புடிக்கறதுக்குள்ள போடான்னுட்றானுங்கோ. இத்தினி வருசத்துல ஒரு கொன்றக் காயி பழுத்து நான் பாத்ததில்லபா. பர்மனென்ட் ஆச்சுன்னா வருசம் பூரா கூடவே இருக்கலாம்.”

அந்த வருஷம் பார்த்துச் சரக்கொன்றை பூக்கவில்லை. வரிசையாகப் பன்னிரண்டு மரங்களும் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றன. நுனியில் மிளகு மிளகாக மொட்டு மட்டும் இருந்தது. “இன்னும் பதினஞ்சு நாளாவும். அவுங்களுக்கு நோட்டீசு படிக்கத் தெரியாது” என்றார் சீசன்காரர்.

சூப்பரின்டெண்டுக்குப் பதினைந்து நாள் பொறுக்க முடியாது. காக்களூர் ஏரிக்கரையில் ஒரு கொன்றை மட்டும் முந்திப் பூத்திருந்தது. அதிகாரி வருகிற நாள் விடியும்போதே அதிலிருந்து வண்டி நிறையச் சரம் சரமாக வெட்டி வந்து இறக்கினார்கள். அவற்றை எங்கள் மரங்களில் கட்டித் தொங்கவிடும் வேலை எனக்கு. மஞ்சள் நூலோடு ஏணியில் ஏறினேன்.

மூன்றாவது மரத்தில் இருக்கும்போது சீசன்காரர் வந்துவிட்டார்.

“இன்னா டிக்கெட்டு பண்ற? முடி மொளைக்கிற கொயந்தைக்கு சவுரி வெக்கிறியே, உனக்கே நாயமா கீதா?”

“உங்க வேலைக்காகத்தான்ணா” என்றேன்.

அவர் மிச்ச மொட்டைக் கிளைகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டு, “ஒயுங்கா ஏறு. உய்ந்து தொலையாதே” என்றார். பன்னிரண்டு மரத்துக்கும் அவர்தான் ஏணி பிடித்தார். அதைப் பார்த்து நான் நம்பிவிட்டேன். நம்பினது என் முட்டாள்தனம்.

எட்டு மணிக்கு வரவேண்டிய அதிகாரி பதினொன்றுக்கு வந்தார். சரமெல்லாம் வெயிலில் துவண்டு தொங்கின. ஆனால் அவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. “பேஷ், பேஷ்” என்று வரிசை முழுவதும் நடந்தார். சூப்பரின்டெண்ட் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். சீசன்காரர் கையைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் பின்னால் வந்தார். காரியம் முடிந்தது என்று எனக்கு மூச்சு வந்தது.

கடைசி மரத்தடியில் அதிகாரி நின்றார். “வருஷா வருஷம் இந்த வாரத்துல சரியா பூத்துடுமா? அப்போ இனிமே எல்லா வருஷத்துக்கும் இதே தேதியை அச்சடிச்சுடச் சொல்றேன்.”

“இல்ல சார்” என்றார் சீசன்காரர். “இவுரு இன்னும் பூக்கல. இது காக்களூரு பூவு. நூலுல கட்டிக்கீது.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். கையை நீட்டி ஒரு சரத்தை இழுத்தார். நூலோடு வந்துவிட்டது.

“யார் செஞ்ச வேலை இது?”

“இவன்தான் சார்!” என்றார் சூப்பரின்டெண்ட், சீசன்காரரைக் காட்டி. “வேலை பர்மனென்ட் ஆகணும்னு எனக்குத் தெரியாம செஞ்சுட்டான்.”

சீசன்காரர் சூப்பரின்டெண்டைப் பார்த்தார். இல்லை என்று சொல்லவில்லை. அவருக்கு இரண்டடி பின்னால் நான் நின்றேன். என் விரல் இடுக்கில் மஞ்சள் நூல் இன்னும் இருந்தது. என் வாழ்நாளில் முதல் தடவையாக, யாரும் கேட்காமல், நானாகப் பேசினேன். “நான்தான் சார் கட்டினேன்” என்றேன். என் குரல் எனக்கே பாதிதான் கேட்டது.

ஆனால் சீசன்காரருக்குக் கேட்டுவிட்டது. எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஏனென்றால் அந்த நொடியில், சம்பந்தா சம்பந்தமே இல்லாமல், தொண்டை கிழிய ஆரம்பித்தார்: “சார்! அந்தாண்ட பாருங்க சார், கத்தாழ! தண்ணியே ஊத்தாதீங்க, அவுரு பாட்டுக்கு வளருவாரு! மூணு ஜாதி கீது சார்!” நான் மறுபடி வாயைத் திறந்தேன். அவர் இன்னும் உரக்கக் கத்தினார். அதிகாரி எரிச்சலில், “இந்த ஆள் இனிமே கேட்டுக்குள்ள காலை வைக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுக் காரைப் பார்த்து நடந்துவிட்டார்.

வாசலில் நான் அவர் குடையைப் பிடித்து நிறுத்தினேன். “ஏண்ணா இப்படிப் பண்ணீங்க?”

“எனக்கு மில்லு கீது. உனக்கு இன்னா கீது? அடுத்த மாசம் கல்யாணம் வெச்சுக்கினு பேச வந்துட்டான். போ, போய்ச் சீட்டு கிழி” என்று சொல்லிவிட்டுச் சாலையில் இறங்கிப் போய்விட்டார்.

யார் கேட்டார்கள் இவரை? நான் கேட்டேனா? என் வாயிலிருந்து அபூர்வமாக வந்த ஒரே ஒரு வார்த்தை, அதையும் கத்தாழையைப் போட்டு மூடிவிட்டார். என்னை நன்றி சொல்லக்கூட நிற்க விடாமல் போய்விட்டார். இதற்கு எனக்குக் கோபம் வராதா?

கட்டின சரங்களை அன்று சாயங்காலமே நான் அவிழ்த்துப் போட்டேன். பதினைந்தாம் நாள், அவர் சொன்ன கணக்குப்படியே, கொன்றை பூத்தது. பன்னிரண்டு மரமும் ஒரு இலை தெரியாமல் மஞ்சளாக நின்றன. புதிதாகப் போட்ட ஆள் அங்கே நின்று நோட்டீஸைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. சூப்பரின்டெண்ட் மதராஸ் போயிருந்த ஒரு மத்தியானம், ஜன்னலைச் சாத்திவிட்டு ரைஸ் மில்லுக்குப் போனேன். தவிட்டுத் தூசி படிந்து புருவம் வரை வெளுத்திருந்த மனிதரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். கேட்டில் தடுக்கிறவன் நான்தானே? தடுக்கவில்லை.

வரிசையின் நடுவில் நின்று அவர் மேலே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. யாருக்கும் சலாம் வைக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

“ஏதாவது சொல்லுங்கண்ணா” என்றேன்.

வெகுநேரம் கழித்துக் குடையை உயர்த்தி ஒரு கிளையைக் காட்டினார். “அங்க பாரு, கஸ்மாலம். ஒரு முடிச்ச அவுக்காம உட்டுக்கீற. அவுரு கழுத்த நெரிச்சிக்கினு கீது. ஏறு மேல.”

ஏறினேன். கீழேயிருந்து அவர் ஆரம்பித்தார். கண்ணு எங்க வெச்சுக்கினு கட்டின, கைய அங்க வெக்காதே, மொட்டு மேல மூச்சு உடாதே, ஏணி ஏறத் தெரியாதவனுக்கு எவன்டா பொண்ணு குடுத்தான் என்று, ஒன்று விடாமல், தோட்டமே கேட்கும்படி திட்டினார். நூல் உடனே அவிழ்ந்துவிட்டது. ஆனாலும் நான் ரொம்ப நேரம் கீழே இறங்கவில்லை.