சம்பந்தியின் கார் ஏன் அலறியது

அன்பும் மதிப்பும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் உடம்பால் நலம். அங்கே எல்லோரும் நலமா என்று கேட்பதுதான் முறை. அங்கே நலம் கெட்டதற்குக் காரணமே நான் என்பதால் கேட்க எனக்கு முகமில்லை. நான் கொடுத்த காரால் வீட்டில் நிம்மதியே போயிற்று என்ற கோபத்தில் நான் கூப்பிட்டால் நீங்கள் போனை எடுப்பதில்லை; அதனால்தான் கடிதம். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள். பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.

உங்கள் காரில் பேயும் இல்லை, பழுதும் இல்லை. டிரைவர்மேல் துளித் தப்பும் இல்லை. இத்தனை நாளும் அதை அலறவிட்டது நான்.

புதுக் கார் வாங்கியபோது பழையதை உங்களுக்குக் கொடுத்தேனல்லவா? சாவி இரண்டையும் கொடுத்தேன், பத்திரங்களைக் கொடுத்தேன், கார் கழுவுகிற வாளியைக்கூடக் கொடுத்தேன். கொடுக்க மறந்தது என் போனுக்குள் இருந்த அந்தக் காரை மட்டும்தான். இப்போதெல்லாம் காருக்குள்ளேயே ஒரு சிம் கார்டு இருக்கிறதாம். நாம் எங்கே இருந்தாலும் போனில் பொத்தானைத் தொட்டால் கதவு திறக்கும், ஏசி ஓடும், ஹாரன் அடிக்கும். புதுக் காரும் அதே கம்பெனி, அதே வெள்ளை நிறம். போனில் இரண்டும் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கின்றன. மேலே நிற்பதுதான் புதியது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். மரியாதை தெரிந்த கம்பெனி, மூத்ததை மேலே வைத்திருக்கிறது.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். தினமும் ஆபீசை விட்டுக் கிளம்புமுன், கார் குளிர்ந்திருக்கட்டும் என்று போனில் ஏசியைத் தட்டிவிடுவேன். கீழே வந்து கதவைத் திறந்தால் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். புதுக் கார் சரியில்லை என்று கம்பெனிக்காரனிடம் சண்டை போட்டேன். அதே நேரத்தில் உங்கள் ஷெட்டில் ஆளில்லாத காரில் எஞ்சின் ஓடி, ஏசி ஓடி, பெட்ரோல் குறைந்து, டிரைவர் உள்ளே படுத்துத் தூங்குகிறார் என்று நீங்கள் முடிவு கட்டியிருக்கிறீர்கள். அதோடு போயிற்றா? எங்கள் ஆபீஸ் பார்க்கிங்கில் நாலு மாடி, எந்த மாடியில் நிறுத்தினேன் என்பது எனக்கு என்றைக்கும் நினைவிருப்பதில்லை. ஹாரன் பொத்தானை அமுக்குவேன், சத்தமே கேட்காது. மாடி மாடியாக ஏறி அமுக்குவேன். காதுதான் போய்விட்டதோ என்று பயந்து டாக்டரிடம் ஓடினேன். "காது நல்லாத்தான் இருக்கு சார். வீட்ல வேலை சொன்னா மட்டும் கேக்கலையா?" என்றார்.

அன்று நீங்கள் போனில் கூப்பிட்டபோது நான் மூன்றாம் மாடியில் காரைத் தேடிக்கொண்டிருந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பழக்கதோஷம், பொத்தானை அமுக்கினேன். "இருங்க சம்பந்தி, திரும்பவும் கத்துது" என்றீர்கள். விரலை எடுத்தேன். "நின்னுடுச்சு" என்றீர்கள். அமுக்கினேன். "ஐயையோ, மறுபடியும்!" கத்துவது என் விரலால்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னும் ஒரு தடவை அமுக்கினேன். அதற்கு மன்னிப்பே கிடையாது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பெண்ணைக் கொடுத்த இடம். இந்த மனுஷனுக்கு ஒரு போனைக்கூடப் பார்க்கத் தெரியவில்லையே என்று சம்பந்தியம்மா சிரிப்பார்கள் என நினைத்து, "பேட்டரியா இருக்கும் சம்பந்தி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

மறுநாளே டிரைவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டீர்கள் என்று என் மகள் சொன்னாள். "பாவம்ப்பா அவரு. 'நான் வண்டியத் தொடவே இல்லைங்கய்யா'ன்னு வாசல்லயே நின்னு அழுதாரு. உங்க மாப்பிள்ளையச் சின்ன வயசுல ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனவருப்பா" என்றாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். பாவம் என் சட்டைப்பையில் இருந்தது. அப்போதாவது புத்தி வந்ததா? நானும் மாட்டிக்கொள்ளாமல் அவரையும் காப்பாற்ற ஒரு யோசனை செய்தேன். அவர் இல்லாதபோதும் கார் அலறினால் அவர்மேல் தப்பில்லை என்று உங்களுக்கே புரிந்துவிடும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து அமுக்கு அமுக்கென்று அமுக்கினேன். நீங்களோ, "கள்ளச்சாவி போட்டு வச்சிருக்கான், போலீஸ்ல எழுதிக் குடுக்கிறேன் பாரு" என்று குதித்தீர்களாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

சம்பந்தி, என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். போலீசுக்கு மட்டும் போகாதீர்கள். நான் ஒரு நிமிஷம் வெட்கப்பட்டிருந்தால் முடிந்திருக்கும். அதற்குப் பயந்து ஒரு நல்ல மனிதரைத் திருடனாக்கிவிட்டேன். அவர் வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் காரை இன்று காலை என் போனிலிருந்து எடுத்துவிட்டேன். இனி என் விரல் உங்கள் ஹாரன் பக்கம் வராது, இது சத்தியம்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், சிரிக்கட்டும், பரவாயில்லை. மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள்.

தலை குனிந்து நிற்கும்
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: தபாலில் போடக் கீழே இறங்கியபோதுதான் தெரிந்தது, பதற்றத்தில் போனிலிருந்து நான் எடுத்தது என்னுடைய புதுக் காரை. உங்களுடையது அப்படியே இருக்கிறது. எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் பார்த்தால், போலீஸ் ஸ்டேஷன் வாசலில். நீங்கள் போனை எடுக்கவில்லை, மகளும் எடுக்கவில்லை. ஆகவே தபாலும் வேண்டாம், இதை உங்கள் கையிலேயே தருகிறேன்; மேலே செய்த சத்தியமும் வேண்டாம். நானே ஓட்டினால் பொத்தானுக்குக் கை இருக்காது என்று டாக்ஸியில் ஏறிவிட்டேன், வழியெல்லாம் ஹாரனை அமுக்கிக்கொண்டேதான் வருகிறேன். எழுதிக் கொடுப்பதை விட்டுவிட்டு அதை நிறுத்த நீங்கள் வெளியே ஓடிவருவீர்கள். போனும் கையுமாக வாசலில் ஒருவன் வந்து இறங்குவான். புகாரில் யார் பெயரை எழுதுவது என்று அவர்கள் கேட்டால் என்னைக் காட்டுங்கள்.