பேய்க்கு மாமா கொடுத்த வாக்கு

நல்ல படத்தை யார் வேண்டுமானாலும் ரசித்துவிடலாம். ஓட்டைப் படம் ஒன்றின் மேல் பைத்தியமாவதற்குத்தான் தனித் தகுதி வேண்டும். இளவயதில் எனக்கு அது ஏராளமாக இருந்தது.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். சின்னமனூர் டூரிங் கொட்டகைக்கு ஒரு பேய்ப்படம் வந்தது. பேயின் மணிக்கட்டில் கைக்கடிகாரம். வௌவால் பறந்தால் கயிறு தெரியும். சட்டை போடாத ஒருவர் புதருக்குப் பின்னால் உட்கார்ந்து சாம்பிராணிப் புகை போடுவது கடைசி வரிசைக்கே தெரியும். (அவரும் கதையில் ஒரு பாத்திரம் என்றுதான் முதல் நாள் நினைத்தேன்.) ஆனால் அந்தக் கிணற்றுக் காட்சி இருக்கிறதே, அதற்கு என் சொத்தையே எழுதி வைப்பேன். புகைக்குள் கொலுசுச் சத்தம் மட்டும் நடந்து வரும். ஆடிக் காற்றில் திரைத்துணி உப்பும்போது பேய் நம் மடியிலேயே வந்து உட்கார்ந்துவிடும் போலிருக்கும். அந்த நிமிஷம் கைக்கடிகாரமாவது மண்ணாவது. தினமும் போனேன். பேயின் வசனம் முழுக்க மனப்பாடம்.

இந்தப் பைத்தியம்தான் என் கல்யாணத்துக்கு எமனாக வந்தது. பொன்னுத்தாய் என் தாய்மாமன் மகள், குச்சனூர். மாமா பேயோட்டும் கோடாங்கி. அவர் உடுக்கைக்கு அடங்காத பேய் சுற்று வட்டாரத்திலேயே கிடையாது. "கொட்டகையே கதின்னு கெடக்குற பயலுக்கு எம் மகளா?" என்று சொல்லிவிட்டார். போடி ஏலக்காய் வியாபாரி வீட்டார் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. இந்தப் படத்தை ஒரு தடவை பார்த்தால் மாமா மனம் மாறிவிடுவார் என்று நான் நம்பினேன். (எப்பேர்ப்பட்ட மூளை, பாருங்கள்.)

"ஒங்க தொழில் சம்பந்தப்பட்ட படம் மாமா" என்று கெஞ்சி, குடும்பத்தோடு முதல் ஆட்டத்துக்கு அழைத்து வந்தேன். பெண்கள் தட்டிக்கு அந்தப் பக்கம். மாமாவும் நானும் இந்தப் பக்கம் மணலில்.

பேய் வந்ததும் மாமா முகம் சுளித்தார். "ஏலே, இதுக்குக் காலு இருக்கு. எந்தக் கோடாங்கியக் கேட்டு இத எடுத்தாக?"

"கெணறு வரட்டும் மாமா."

கிணறு வந்தது. சத்தம் போய்விட்டது. அந்த மெஷினுக்கு அடிக்கடி வரும் நோய் அது. பேய் வாயை மட்டும் அசைக்கிறது. படத்தின் உயிரே அந்த வசனம்தான், மாமா அதைக் கேட்காமல் போவதா? என்னை அறியாமல் பெண்குரலில் ஆரம்பித்தேன். "என் தாகம் தீரவில்லையடா... உன் குருதி எங்கே?" பிறகு அந்தச் சிரிப்பு. அதை நான் பேயைவிட நன்றாகவே சிரிப்பேன்.

சிரித்து முடிப்பதற்குள் என் கிராப்பு மாமாவின் கையில் இருந்தது.

"வெளக்கப் போடுங்க. எம் மருமகனப் புடிச்சிருக்கு."

விளக்கு வந்தது. அவர் மடியிலிருந்த திருநீறு என் முகத்தில் விழுந்தது. முறுக்குக்காரரின் தகர டப்பா உடுக்கையானது. கொட்டகையே திரைக்கு முதுகைக் காட்டி என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. தட்டிக்கு மேலே பொன்னுத்தாயின் முகம்.

"யாரு நீ? எந்த ஊரு?"

"நாந்தேன் மாமா. ஒங்க மருமகன்."

"எல்லாப் பேயும் மொதல்ல இப்பிடித்தேன் சொல்லும்" என்று மாமா கூட்டத்துக்கு விளக்கிவிட்டு ஓங்கி அறைந்தார்.

உண்மையைச் சொல்லச் சொல்ல அடி பலமானது. "போயிர்றேன்" என்று கதறினேன்.

"சும்மா போக மாட்டே. என்ன வேணும்? கோழியா, சேலையா?"

அடி வாங்கிய மண்டைக்குள் எங்கிருந்தோ புத்தி வந்தது. "ஒம் மகள இந்தப் பயலுக்குக் கட்டிக் குடு. போயிர்றேன்." (வாழ்நாளில் மாமாவை ஒருமையில் பேசியது அந்த ஒரு தடவைதான்.)

டப்பா நின்றது. கேட்டதைக் கொடுக்காவிட்டால் பேய் இறங்காது என்பது மாமாவே ஊர் ஊராகச் சொல்லிவந்த சட்டம். சனங்கள் அவரையே பார்த்தார்கள். "எங்க குச்சனூர் சனீஸ்வரன் சாட்சியா குடுத்தேன், போ" என்று சொல்லி, புளியமரத்தில் வைத்து ஆணியடிப்பதற்காக என் முன்முடியைப் பாக்குவெட்டியால் கொத்தாக நறுக்கினார்.

அந்த நேரம் பார்த்து ஆபரேட்டர் மெஷினைச் சரிசெய்து, காட்சியை மறுபடி ஓட்டினார். "என் தாகம் தீரவில்லையடா..." என்று பேய் கணீரென்று பேசியது. கொட்டகை மொத்தமும் திரையைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி என் பக்கம் திரும்பியது. கையில் என் முடியோடு மாமா வசனம் முழுவதையும் கேட்டார், சிரிப்பையும் கேட்டார். "இவஞ் சிரிச்சதுதேன் நல்லாருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். கொடுத்த வாக்கை மாற்றினால் அப்புறம் எந்தப் பேய் அவரை மதிக்கும்? ஆவணியில் கல்யாணம் நடந்தது.

இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை வந்தால் பொன்னுத்தாய் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு சொல்வாள்: "ஒங்க தாத்தனப் புடிச்ச பேயி போயிரும்னுதேன் எங்கய்யா என்னயக் குடுத்தாக. எங்க போச்சு? தாலியக் கட்டி எங்கூடவே குடி வந்திருச்சு."