பக்கத்து வீட்டுத் துரையும் நிச்சயதார்த்தத் தட்டும்

எட்டாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, நியூ ஜெர்சியில் மூன்று மளிகைக் கடைகளை நிமிர்த்திக் காட்டியவன் நான். எனக்கும் தெரியாத விஷயம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது என் மகளின் நிச்சயதார்த்தத்தன்றுதான் தெரிய வந்தது.

மாப்பிள்ளை மொரிஷியஸ் தமிழர். அவருடைய பெற்றோர் கடல் தாண்டி எங்கள் பிரிட்ஜ்வாட்டர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அந்தத் தீவை வெள்ளைக்காரன் ஆண்டான் என்பது வரை எனக்குத் தெரியும். (அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.) பக்கத்து வீட்டு ஆர்தரோ அசல் இங்கிலாந்துக்காரர். ஆண்ட நாட்டுக்காரர் கையால் தட்டு வாங்கினால் சம்பந்திக்குப் பெருமைதானே?

"அப்பா, ப்ளீஸ் டோன்ட்," என்றாள் மகள். பெரிய மனுஷன் கணக்கு அவளுக்கு எங்கே புரியும்?

வெற்றிலை, பழம், தேங்காய், மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி எல்லாம் வைத்த வெள்ளித் தட்டை ஆர்தர் கையில் கொடுத்துவிட்டு, போட்டோ எடுப்பவரைத் தேடத் திரும்பினேன். எங்கள் கிரகப்பிரவேசத்தில் தாம்பூலப் பை வாங்கிப் போனவர் அவர். இது அதிலேயே பெரிய சைஸ் என்று நினைத்திருக்கிறார். நன்றி சொல்லிவிட்டுத் தட்டோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

சம்பந்தியம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். சம்பந்தி அவர்கள் தீவில் பேசும் கிரியோல் மொழியில் ஏதோ சொன்னார். மாப்பிள்ளை அதை ஆங்கிலமாக்க, மகள் அழுதுகொண்டே தமிழாக்கினாள். "எங்க தீவுங்களைத்தான் வெள்ளைக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. இந்தத் தட்டையும் நாங்களே போய்க் கேக்கணுமான்னு கேக்கறார்ப்பா."

மூன்று மொழி தாண்டியும் சூடு ஆறவில்லை. தட்டு மாறாவிட்டால் கல்யாணம் இல்லை.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பனியில் ஓடினேன். விஷயம் கேட்டுப் பதறிய ஆர்தர், தட்டைத் தானே தூக்கி வந்து சம்பந்தியிடம் பணிவாகக் கொடுத்தார். கொடுத்த கையோடு, தேங்காயை மட்டும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பேரனுக்குக் காட்ட வேண்டுமாம்.

சம்பந்தி அவரையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர் நாற்காலியில் சாய்ந்தும் நிறுத்தவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: மொரிஷியஸ் சுதந்திரம் அடையும் முன்பு அதிலிருந்து பிரித்தெடுத்த தீவுகளைத் திருப்பித் தர பிரிட்டன் இப்போதுதான் சம்மதித்ததாம். அதிலும் பெரிய தீவு மட்டும் லீஸுக்கு அவர்களிடமே இருக்குமாம்.

தட்டு மாறியது. (எல்லாம் என் ராஜதந்திரம் என்று கடையில் சொல்லி வைத்தேன்.)

கல்யாணத்தில் மகளைத் தாரை வார்க்கும்போது சம்பந்தி என் காதருகே குனிந்து, புதிதாகப் பழகிய தமிழில் கேட்டார்: "முழுசாவா, லீஸுக்கா?"

முழுசாத்தான் என்றேன். ஆனால் இன்றும் மகள் எங்களோடு இரண்டு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டால், பெரிய தீவை எப்போது விடுவீர்கள் என்று மொரிஷியஸிலிருந்து போன் வந்துவிடுகிறது.