டென்சிட்டி நானாவும் கண்ணில்லாத மயிலும்

கண்டியைச் சுற்றி எம்பிராய்டரி மெஷினில் பிறந்த யானை, சிங்கம், மயில், கிளி எதற்குமே தன் கையால் பார்வை கொடுக்காத மனிதர் டென்சிட்டி நானா. உடம்பு, வால், பல், நகம் எல்லாம் அவரே செய்து கொடுப்பார். கண்ணுக்கு மட்டும் துணி கொண்டுவந்தவரைக் கூப்பிடுவார்.

திகனயில் ஒரு செருப்புக் கடையின் மேல்மாடியில் அவருடைய ஒற்றை மெஷின் இருக்கிறது. டிசைன் ஃபைலைப் பென் டிரைவில் போட்டுச் சொருகினால் அது தானாகத் தைக்கும். தையல்கள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதுதான் டென்சிட்டி. நெருக்கம் கூடினால் துணி பலகையாகும், குறைந்தால் கொசுவலையாகும். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்; இந்த நானாவுக்கு உலகமே இந்த ஒரு கணக்கில்தான் அடங்கும். தூறல் விழுந்தால், “இண்டைக்கி மழைக்கி டென்சிட்டி போதாது” என்பார். பஸ்ஸில் பக்கத்தில் நின்ற காவலாளியின் சட்டைச் சின்னத்தைக் கிள்ளிப் பார்த்து, “தம்பி, இது மிச்சம் கூட. மூச்சு விட ஏலுமா?” என்று விசாரித்தவர். கலியாண வீடொன்றில் துணியின் பின்புறத் தையலைப் பார்ப்பதற்காக மாப்பிள்ளையின் மேலங்கியைத் திருப்பியதில், மாப்பிள்ளையும் கூடவே திரும்பிவிட்டார் என்று கேள்வி.

கண் விஷயம் தனி. “உயிருள்ளதுக்கு கண் வெக்கிற என்ட வேல இல்ல சேர். வாப்பா செல்லித் தந்தது” என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. எந்த ஃபைல் வந்தாலும் கண்ணை மட்டும் பிரித்தெடுத்து, கடைசி நிறமாக மாற்றி வைப்பார். மெஷின் மற்ற எல்லாவற்றையும் தைத்துவிட்டு அந்த இடத்தில் நிற்கும். நானா கீழே தேநீர் குடிக்கப் போய்விடுவார். வந்தவர் பச்சைப் பட்டனை அமத்த வேண்டும்.

தேயிலைத் தோட்டக் கோயில்காரர்கள் இதையே கண் திறப்புச் சடங்காக்கிச் சூடம் கொளுத்தி, ஒரு நூல்கட்டையைக் கருக்கினார்கள். சிங்களப் பள்ளிக்கூடமொன்றின் விளையாட்டு ஆசிரியர், பிள்ளைகளுக்குச் சிங்கச் சின்னம் தைக்க வந்தார். ஒவ்வொரு சிங்கத்துக்கும் தானே பட்டன் அமத்த வேண்டும் என்று தெரிந்ததும் பாதியில் மனம் மாறி, அணியின் சின்னத்தை வெற்றிக் கோப்பையாக்கிவிட்டுப் போனார்.

நான் அங்கே போனது என் மனைவி சிவகாமியின் நேர்த்திக்கடனுக்காக. கண் ஆப்பரேஷனுக்கு முன், பார்வை திரும்பினால் புசல்லாவையில் தான் பிறந்த தோட்டத்து முருகன் கோயிலுக்கு மயில் போட்ட திரை கொடுப்பதாக அவள் நேர்ந்திருந்தாள். “மங்கலா தெரியுதுங்க” என்று அவள் சொல்லும்போதெல்லாம், “பல்ப மாத்துறேன்” என்று சொல்லியே காலத்தைக் கடத்தியவன் நான். இந்தத் திரையையாவது ஒழுங்காக முடித்துக் கொடுக்க வேண்டுமென்று இருந்தது. வெள்ளிக்கிழமை திருவிழா.

இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு மயிலோடு போனேன். நானா திரையில் பார்த்தார்.

“சேர், இது மயிலில்ல. குளிச்சிட்டு வந்த கோழி.”

“கொஞ்சம் பெருசாக்கினா சரியாயிடும்தானே?”

“கைக்குட்டைக்கி செஞ்ச ஃபைல் சேர். இதெ கோயில் திரைக்கி இழுத்தா, தையலுக்கும் தையலுக்கும் ஊடால நீங்களும் டீச்சரம்மாவும் நடந்து போகலாம்.”

“அவ டீச்சர் இல்ல. நான்தான் கணக்கு மாஸ்டர்.”

“அப்ப ஒங்களுக்கு வெளங்கோணுமே!”

பிறகு தன்னிடமிருந்த மயில்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்றுக்குத் திமிர் என்றார், ஒன்றுக்குச் சளி என்றார். கடைசியில் அவரே ஒன்றைத் தேர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த இறகுகளில் அடியில் இருந்தவற்றை அழித்தார். “கீழ ஈக்கிறத ஆரு பாக்குற? சும்மா பாரம்.” கண்ணைக் கடைசிக்குத் தள்ளினார்.

வியாழக்கிழமை பிற்பகலில், பட்டுத் திரையில் மயில் கொண்டைவரை வந்து நின்றது. நானா தேநீருக்கு இறங்கினார். நான் மெஷினோடு தனியாக.

ஊசியைப் பார்த்தேன். அது கண் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, கொண்டைக்கு மேலே நின்றது. மனிதர் கவனிக்காமல் போய்விட்டார் என்று நினைத்து, துணியை இறுக்கிய சட்டத்தை நகர்த்தும் அம்புக்குறிப் பட்டன்களால் ஊசியைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்தேன். பட்டனை அமத்தியதும் மெஷின் தானாகவே கொண்டையிலிருந்து கண்ணுக்கு நகரும் என்பது எனக்குத் தெரியாது. கூட்ட வேண்டியதை இரண்டு தடவை கூட்டிவிட்டேன். பச்சையை அமத்தினேன். சட்டம் சட்டென்று நகர்ந்தது. மயிலின் அலகுக்கு முன்னால், வெறும் பட்டில், மிக அழகான ஒரு கறுப்புக் கண் விழுந்தது.

நானா வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“சேர், எத்தின வருசம் படிப்பிச்சீங்க?”

நான் அந்தக் கண்ணை விரலால் மறைத்தேன்.

“பிரிச்சா பட்டுல ஓட்ட தெரியும். வேற துணி?”

“இல்ல நானா. நாளைக்குக் காலைல பஸ். அவ நேர்த்தி.”

அவர் தலையைச் சொறிந்தார். “ஒங்கட முருகன்ட மயில் என்னத்த திங்கும்?”

“தினை.”

தினைக்கு அவரிடம் டிசைன் இல்லை. பிலிமத்தலாவை பேக்கரி ஒன்றின் ஏப்ரனுக்குச் செய்த கோதுமைக் கதிர் இருந்தது. அதன் முள்ளையெல்லாம் அழித்தார், வளைத்தார், மணிகளைச் சிறிதாக்கி நெருக்கினார். தைத்து முடித்தபோது, அலகுக்கு முன்னால் ஒரு பொன்னிறத் தினைக்கதிர் தொங்கியது. நான் வைத்த கண் அதில் ஒரு மணியாகிப்போனது.

மயிலுக்கு இன்னும் கண்ணில்லை. ஊசியைச் சரியான இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்த நானா இந்தத் தடவை தேநீருக்குப் போகவில்லை.

“ஒரு விரல மட்டும் வைங்க. மத்தக் கைய இங்க தாங்க.”

அந்தக் கை வேறெந்தப் பட்டனுக்கும் போய்விடாதபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். “இப்ப அமத்துங்க.” கண் விழுந்தது. மெஷின் நின்ற பிறகும் கையை விடவில்லை. “சரியான எடத்திலயா சேர்?” என்று ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

மறுநாள் பஸ்ஸில் சிவகாமியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கம்பளையில் சிரிக்கத் தொடங்கியவள் புசல்லாவையில் இறங்கும்வரை நிறுத்தவில்லை.

கோயிலில் திரையைத் தொங்கவிட்டார்கள். சிவகாமி கூட்டத்துக்குப் பின்னால், வாசலில் நின்றே பார்த்தாள்.

“கதிருல ஒரு மணி மட்டும் கறுப்பா இருக்கே. அதுதானே நீங்க வச்சது?”

அவ்வளவு தூரத்திலிருந்து எனக்கே அது தெரியவில்லை.

“ஆமா” என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நானா பேருக்கும் ஒரு அர்ச்சனை வைப்பமா?”

“அவருக்கு அது சரிவராது, சிவகாமி.”

“சரி, வேணாம். அப்ப நீங்களே அவர மனசுல நெனச்சுக் கும்பிடுங்க.”

அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மயிலின் கண்ணைப் பார்த்தபடி, பெயரில்லாமலே அவரை நினைத்துக்கொண்டேன்.