யாயாத்தின் ஒட்டும் கொக்கி

“ஆணியும் கிளிப்பும் மனித இனத்தின் இரு பெரும் தோல்விகள். பல்லி இரண்டையும் கண்டதில்லை. ஆனாலும் அது கூரையில் தலைகீழாக நடக்கிறது.”

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் தொழில் வடிவமைப்பு படிக்கும் யாயாத்தின் ஆய்வறிக்கை இப்படித்தான் தொடங்கியது. அறைத்தோழன் டாடன் ஈர ஜட்டியைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டும்போதெல்லாம் யாயாத் இந்த வரிகளை உரக்கப் படித்துக் காட்டுவான்.

பல்லியின் பாதத்தைப் பார்த்து, ஆணியில்லாமல் ஒட்டும்படி அவன் செய்த கொக்கி இப்போது தேர்வு அறையின் சுவரில் இருந்திருக்க வேண்டும். தரையில் இருந்தது. நடுவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். யாயாத் இந்தத் தேர்வில் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவன். இந்த முறையும் போனால் காருத் ஊரில் மாமாவின் தோல் ஜாக்கெட் கடைதான்.

“சுவர்ல தூசிடா,” என்று யாயாத் ஈரத்துணியால் துடைத்தான். ஈரத்தில் கொக்கி வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஹேர் டிரையரைக் காட்டினான். பெயிண்ட் உரிந்து கொக்கியோடு வந்தது.

“பாருடா, ஒட்டுது!” என்றான் டாடன்.

“வாயை மூடு.”

“ஒரு கிளிப் தரட்டுமா?”

“செத்தாலும் வேணாம். அசலையே காட்டிடறேன். பெட்டியைத் திற.”

பெட்டியில் இருந்தது தொக்கேக். ஆரஞ்சுப் புள்ளி போட்ட, சாண் நீளத்துக்கும் மேலான பெரும்பல்லி. பாதத்தை வரைவதற்காக வளர்த்தது.

“கடிக்குமாடா?”

“என் கையில சாப்பிட்டு வளர்ந்ததுடா,” என்று யாயாத் விரலை நீட்டினான்.

சாப்பாடு என்றுதான் அதுவும் நினைத்தது.

இழுத்துப் பார்த்தார்கள், பிடி இறுகியது. தண்ணீர் ஊற்றினார்கள், குளிப்பாட்டியதுபோல் நிம்மதியாகத் தொங்கியது. “காரம் பட்டா விட்டுடும்,” என்று டாடன் தான் தின்ன வாங்கிய பதாகோர் என்ற மீன் பலகாரப் பொட்டலத்திலிருந்த காரமான வேர்க்கடலைக் குழம்பைத் தடவினான். காரம் யாயாத்தின் காயத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

அந்த அலறலைக் கேட்டபடியே மாணவர்கள் ‘பாக்’, அதாவது ஐயா, என்று அழைக்கும் பேராசிரியர் ரொஹிமாத் உள்ளே வந்தார். பின்னாலேயே, குடையை மடக்கிக்கொண்டு, வெளியூர் நடுவர் இமாஸ் அம்மா, அவர்கள் பேச்சில் இபு இமாஸ்.

“உன் கொக்கி எங்கப்பா?”

“கீழ இருக்கு, பாக்.”

“கையில என்ன?”

“இதைப் பார்த்துத்தான் செஞ்சேன், பாக்.”

கையை உயர்த்திக் காட்டினான். உலகமே வியக்க வேண்டிய அந்த நான்கு பாதங்களும் எதிலும் ஒட்டாமல் காற்றில் ஆடின.

ரொஹிமாத் பேனாவைத் திறந்தார். “காருத்துக்கு அடுத்த பஸ் எப்போ?”

“கொஞ்சம் இருங்க.” இபு இமாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு யாயாத்தின் விரலைச் சுற்றி வந்தார். “இது எவ்வளவு நேரமா இருக்கு, தம்பி?”

“அரை மணியாச்சு, இபு.”

“கை ஈரமா இருக்கே?”

“ஆமா, இபு.”

“அது என்ன, குழம்பா?”

“கடலைக் குழம்பு, இபு.”

“எங்க, உதறிப் பாரு.”

கண்ணீர் தெறிக்க உதறினான். தொக்கேக் அசையவில்லை.

இபு இமாஸ் ரொஹிமாத்தின் பேனாவைப் பிடித்து மூடினார்.

“இன்னொரு மாசம் கொடுங்க. பல்லிகிட்ட விஷயம் இருக்கு. தம்பிதான் இத்தனை நாளா தப்பான முனையை வரைஞ்சிட்டிருந்திருக்கு.”